உலையில் போடுமுன் ஒரு பிடி

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் பிடி அரிசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சமையலுக்கு அரிசியை அளந்து எடுத்ததும், உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியே போட்டுவைப்பார்கள். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அளந்த பிறகு அள்ளுவதுதான் இதில் முக்கியம். வடித்துத் தின்று மீந்ததில் கொடுப்பதில்லை இது. அன்றைக்கு நமக்கென்று எடுத்ததிலேயே ஒரு பிடி குறையும்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் அதற்கென்று ஒரு ஓலைக்கொட்டான் உண்டு. அப்பாவுக்குச் சம்பளம் பிந்திய மாதங்களில் அம்மா அளக்கிற படி குறையும். பிடி மட்டும் நின்றதில்லை. நான் ஏன் என்று கேட்டதுமில்லை, அம்மா விளக்கம் சொன்னதுமில்லை. பெரியவளாகி வேதத்தைப் பொறுமையாக வாசிக்கத் தொடங்கிய பிறகு, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அம்மாவின் கொட்டானைக் கண்டேன். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கச் சொல்லும்போது அவர் உணர்ச்சி பொங்க ஒரு கூட்டம் போடச் சொல்லவில்லை. நான் வந்த பிறகு வசூலில் இறங்க வேண்டாம், வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவையுங்கள் என்கிறார். விசுவாசத்தினாலே நீதிமானாகிறோம் என்று அத்தனை அழுத்தமாகப் போதித்த அதே பவுல்தான் இந்த ஏற்பாட்டையும் செய்கிறார். மிசோரம் சபைகளிலும் பெண்கள் இதே வழக்கத்தை நூறு வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறார்கள். 'புஃபாய் தாம்' என்று பெயர். அந்தப் பிடி அரிசியில் அங்கே மிஷனெரிகளையே தாங்குகிறார்கள்.

விசுவாசமும் கிரியையும் என்று பிரசங்கங்களில் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி நிறையக் கேட்டிருக்கிறேன். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபின் நிருபத்தைச் சீர்திருத்தவாதி லூத்தர் வைக்கோல் நிருபம் என்று சொன்னதும் அந்தப் பிரசங்கங்களில் தவறாமல் வரும். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எபேசியருக்கு எழுதியதில் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, மூச்சு விடுமுன்னே நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று பவுல் சொல்கிறார். எனக்கு அது போதும். என்னைப் பல வருஷமாக உறுத்துவது வேறு. நாம் நற்கிரியையை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? அளந்தவுடன் எடுத்துவைக்கிற கணக்கிலா, மீந்தால் பார்க்கலாம் என்கிற கணக்கிலா?

டிசம்பர் மாதத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். கேக் வரும், போர்வை வரும், பழப்பொட்டலம் வரும். ஒரே கட்டிலுக்கு மூன்று போர்வை வந்து சேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். கொடுக்கிறவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மே மாத வெக்கையில் அதே வார்டில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் பிடித்துக் கொடுக்க ஆள் இருக்காது. இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு டிசம்பர் என்றும் மே என்றும் இல்லை.

நான் பிறந்த ஊரே இதற்குச் சாட்சி. தாது வருஷப் பஞ்சத்தின்போது நாசரேத்தில் இருந்த மிஷனெரி கேனன் மர்காஷிஸ். 1876இல் வந்தவர். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து அநாதை இல்லம் தொடங்கினார். அத்தோடு விட்டிருந்தாலும் அவரை நல்லவர் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். இன்றைக்குச் சோறு போட்டாயிற்று, இந்தப் பையன் வளர்ந்து ஆளானால் எதைக்கொண்டு பிழைப்பான் என்பதையும் அவர் யோசித்தார். 1878இல் தொழிற்பள்ளி வந்தது. 1908இல் இறக்கும்வரை, முப்பத்திரண்டு வருஷம், அவர் நாசரேத்தை விட்டுப் போகவில்லை. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். எங்கள் ஊரில் அவரைத் தகப்பன் என்று சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை.

இடையன்குடியில் எலைசா கால்டுவெல் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கணவர் ராபர்ட் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைத் தமிழ்நாடே அறியும். அந்த லேஸ் நூலில் எத்தனை வீட்டில் உலை கொதித்தது என்பதை எங்கள் பக்கத்துப் பாட்டிமார்தான் அறிவார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி, ஃப்ளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி, இவை இரண்டின் வாசலையும் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். இவர்கள் யாரும் ஒருநாள் வந்து கொடுத்துவிட்டுப் போனவர்கள் இல்லை. எதிரே நிற்கிற ஆளுக்கு அடுத்து என்ன தேவை என்று பார்த்தார்கள். மறுநாளும் அங்கேயே இருந்தார்கள்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிடி அரிசி இன்னும் வருகிறது. பாதிப் பேர் பணமாகக் கொடுக்கிறார்கள், மீதிப் பேர் அரிசியாகவே கொண்டுவருகிறார்கள். முன்பெல்லாம் அதை ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டுப் பணத்தைக் கணக்கில் சேர்ப்போம். ஒரு வருஷம் சங்கக் கூட்டத்தில் ஒரு அக்கா, இதை ஏலம் விடுவானேன், பொங்கியே கொடுத்தால் என்ன என்றார். பிடி அரிசியில் பொன்னி இருக்கும், ரேஷன் அரிசி இருக்கும், பச்சரிசியும் கலந்து கிடக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும். சோறாக வடிக்க முடியாது. கஞ்சிதான் சரி. பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் போட்டு, அரிசி இனம் தெரியாமல் கரையும்வரை காய்ச்சி, காணத்துவையலோடு (கொள்ளுத் துவையல்) ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நோயாளிக்கு அங்கே சாப்பாடு உண்டு. கூட இருக்கிறவர்களுக்குத்தான் கிடையாது. அவர்களுக்கென்று போனோம்.

வார்டுக்குள் போனபோது வேறொன்றைப் பார்த்தோம். எலும்பு முறிவு வார்டில் ஒரு கட்டில் ஓரம் பாலும் ரொட்டியும் வைத்தபடியே இருந்தன. பாலில் ஆடை கட்டியிருந்தது, ரொட்டியில் எறும்பு. படுத்திருந்த பெரியவருக்குக் கை எட்டவில்லை. 108 வண்டியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தவர், துணைக்கு யாருமில்லை. நர்ஸ்மார் இரக்கமில்லாதவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அத்தனை கட்டிலுக்கு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மட்டும் உள்ள நிலைமை என்றும் நான் நினைக்கவில்லை. சாப்பாடு இருந்தது, மருந்து இருந்தது, கட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள்தான் இல்லை.

ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அலுவலரை, ஆர்.எம்.ஓ.வை, பார்த்து அனுமதிக் கடிதம் வாங்கினோம். எங்கள் சங்கத்தில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். போகுமுன் அவர் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். படுத்திருக்கிறவர் வாயில் அப்படியே கஞ்சியை ஊற்றக் கூடாது. டாக்டர் அனுமதித்தால் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். சிறிய கரண்டியில் பாதிதான் எடுக்க வேண்டும். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரையேறும், நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியாவில் கொண்டுவிடும். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்ற வேண்டும். ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். முதுகுக்கடியில் குறுக்காக ஒரு விரிப்பைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதைச் சுருட்டிப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிமுனை, இந்த இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்தவரை நர்ஸ் சொல்லாமல் யாரும் தொடவே கூடாது என்று இரண்டுதரம் அழுத்திச் சொன்னார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பு எடுத்தவள் நான். அன்றைக்கு அந்த அக்கா எடுத்ததுபோல ஒரு பாடத்தை நான் கேட்டதில்லை. "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்கிறவர்களைக் குறித்து யாக்கோபு எழுதினாரே, அந்த வசனத்தில் "சரீரத்திற்கு வேண்டியவைகளை" என்று ஒரு இடம் வரும். சரீரத்துக்கு எது வேண்டும் என்பதையும் ஒருவர் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்பு இருந்தாலே போதும், கை தானாகச் செய்துவிடும் என்று நான் நம்பவில்லை. தெரியாத கை, எத்தனை அன்பான கையானாலும், முறிந்த இடத்தை மேலும் நோகச் செய்துவிடும்.

கேரளாவில் பரோட்டா மாஸ்டராக இருந்த ஒருவர் எங்கள் பொறுப்பில் இருந்தார். பிள்ளை குட்டி இல்லை. கொஞ்சம் தேறியதும் ஒருநாள் கேட்டார்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு யாரு சம்பளம் தாரா?"

"யாரும் தரலையே, ஐயா."

"பொறவு எதுக்கு வாரிய?"

"நாங்க வேதக்காரங்க. சாமி இப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கு."

மோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "அப்போ நாளைக்கும் வருவியளா?" என்றார்.

நாங்கள் என்ன சபை, எதை விசுவாசிக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான். என் முறை செவ்வாய்க்கிழமை. மறுநாள் வருகிற தங்கச்சியின் பெயரைச் சொல்லி, அவள் வருவாள் என்றேன். அவள் போனாள்.

இந்த வேலையில் எங்கள் சபைக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. சுவிசேஷம் சொல்லாமல் கஞ்சி கொடுத்தால் அது எப்படி ஊழியமாகும், ஒரு கைப்பிரதியாவது கொடுக்கலாமே என்று மூப்பர் ஒருவர் கேட்டார். ஆத்தும பாரத்தோடு கேட்டார், அதனால் நானும் யோசித்துத்தான் பதில் சொன்னேன். வார்டில் படுத்திருக்கிறவரால் எழுந்து போக முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் தயங்குவார், சொன்னால் நாளைக்கு யார் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். அந்த நிலையில் இருக்கிறவரிடம் எதையும் திணிப்பது அன்பாகாது. ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். திரும்பிவந்து மகிமைப்படுத்தினவன் ஒருவன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டார், உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டால் சொல்வோம், ஜெபிக்கச் சொன்னால் கையைப் பிடித்து ஜெபிப்போம். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பாய் வீட்டுப் பாட்டிக்கும் அதே கஞ்சிதான், அதே கைதான். மூப்பர் முழுதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் வீட்டிலிருந்து பிடி அரிசி வருகிறது.

போட்டோ எடுப்பதில்லை என்பதை நாங்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். யாராவது பெரிய தொகையோடு வந்து, படம் பிடித்துப் போடலாமா என்று கேட்டால் அன்பாக வேண்டாம் என்போம். உடம்பு நலிந்து, துணி விலகி, பல்விளக்காமல் படுத்திருக்கிற ஒருவரின் முகத்தை நம்முடைய நன்மைக்குச் சாட்சியாக வைப்பது எனக்குத் தாங்காது. நாளைக்கு நானே அந்தக் கட்டிலில் கிடக்கலாம்.

கஞ்சியும் பக்கம் மாற்றுவதும் போக, பேப்பர் வேலை நிறைய இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும் என்பது தெரியாமலே கடன் வாங்கத் தயாராகிறவர்கள் உண்டு. எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு என்று சொல்லித்தரவே ஒரு ஆள் தேவை. ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் ஊழியர் ஒருவர் இதற்காகவே இப்போது எங்களோடு வருகிறார். ஆண்கள் வார்டில் சவரம் செய்துவிட சலூன் வைத்திருக்கிற தம்பி ஒருவர், கடைக்கு லீவான செவ்வாய்க்கிழமையில் வந்து போகிறார். அவர் எங்கள் சபையும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை.

உங்கள் ஊரிலும் இதைத் தொடங்க நினைக்கிற சங்கத்தாருக்கு ஒன்று சொல்வேன். பணம் திரட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் கிழமை போட்டு ஆள் எழுதுங்கள். மாதம் பிறக்குமுன், வீட்டு வேலை, கல்யாணம், கச்சேரி எல்லாம் வந்து காலண்டரை நிரப்புமுன், அவரவர் நேரத்தில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்துவிடச் சொல்லுங்கள். ஆர்.எம்.ஓ. கடிதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஒரு நர்ஸைக் கூட்டிவந்து பாடம் கேட்காமல் யாரையும் தொடாதீர்கள். இருமல், காய்ச்சல் உள்ளவர் அந்த வாரம் போக வேண்டாம், ஆனால் தன் இடத்துக்கு இன்னொருவரை அனுப்ப வேண்டும்.

பாளையங்கோட்டையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்கள் வார்டுக்கு எல்லாக் கிழமைக்கும் ஆள் இருக்கிறது. ஆண்கள் வார்டில் வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் காலியாக இருக்கின்றன. மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை. ஆண்கள் யாராவது, எந்தச் சபையானாலும், எந்த மதமானாலும், வாருங்கள். நர்ஸ் அக்காவின் அடுத்த பாடம் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, எங்கள் கோயிலின் பாடசாலை அறையில் நடக்கும். வரும்போது நகத்தை வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்.