பிளாஸ்டிக் பையை நிறுத்த ஒரு ஊர் போதும்

பிளாஸ்டிக் பையை ஒழிக்க அரசாங்கம் சட்டம் போடட்டும் என்று காத்திருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது மாட்பரியின் கதைதான். இங்கிலாந்தில் இருக்கும் சிற்றூர் அது. ரெபெக்கா ஹோஸ்கிங் என்ற ஒளிப்பதிவாளர் பசிபிக் தீவுகளில் படம்பிடிக்கப் போனபோது, பிளாஸ்டிக்கை விழுங்கிச் செத்துக் கிடந்த ஆல்பட்ராஸ் பறவைகளைப் பார்த்து நொந்துபோனார், ஊர் திரும்பியதும் கடைக்காரர்களைக் கூட்டி, தான் எடுத்ததைப் போட்டுக் காட்டினார். 2007 மே மாதம் அங்கிருந்த 43 கடைகளும் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்தின. சட்டமே இல்லாமல்!

எல்லாரும் சேர்ந்து நிறுத்தியதுதான் இதில் முக்கியம். ஒரு கடை மட்டும் நிறுத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான், அந்தப் பயத்தைப் போக்காமல் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாலித் தீவில் மெலாத்தி, இசபெல் என்ற பள்ளி மாணவிகள், அக்கா தங்கை, 2013-ல் பிளாஸ்டிக் பைக்கு எதிராகப் பிரசாரம் தொடங்கினார்கள். 2019-ல் தடை வந்தது.

அப்புறம், சட்டம் வந்தாலும் அதன் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கலிபோர்னியா மெல்லிய பைகளைத் தடுத்துவிட்டு, மறுபடி பயன்படுத்தலாம் என்று தடிமனான பிளாஸ்டிக் பைகளை அனுமதித்தது. மக்கள் அதையும் ஒரே தடவையில் குப்பையில் போட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2024-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஆகவே தடை கேட்டு அரசாங்கத்துக்கு மனு எழுதும்போதே தடிமனான பைகளையும் சேர்த்து எழுதுங்கள்.