காபி வண்டிக்கு முதலில் தேவை நிற்க ஓர் இடம்

செங்கோட்டைப் பக்கம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கேன் கட்டிக் காபி விற்கிறேன். "நானும் போடலாமா, லைசென்ஸ் கஷ்டமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதில் கஷ்டமே இல்லை. நான் எடுத்தபோது, வருஷ விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாலே போதும் என்று இருந்தது. அதற்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டோவும் ஆதாரும் ஏற்றினேன். அப்போது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். இது தமிழ்நாட்டுக்கு மட்டும். கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவில் விற்க ஆசைப்பட்டால் கேரளத்தில் தனியாகப் பதிய வேண்டும். நான் இந்தப் பக்கமே போதும் என்று இருந்துவிட்டேன்.

செலவு இழுத்தது சிலிண்டரும் கேனும். வியாபாரத்துக்குக் காய்ச்ச வீட்டு சிலிண்டரைத் தொடக் கூடாது. 19 கிலோ நீல சிலிண்டர்தான். அதற்கு டெபாசிட், அடுப்பு, டியூப் என்று போய்க்கொண்டே இருக்கும். கேனில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சூடு தாங்கும் இரட்டைச் சுவர் எவர்சில்வர் கேனாக, குழாய் கழற்றிக் கழுவ வருவதாகப் பாருங்கள். பால் அடைந்து நாறுவது அந்தக் குழாய்க்குள்தான்.

தொழில் சொல்லிக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர் ஒருவர். "பாலையும் டிகாஷனையும் ஒண்ணாக் கலந்து கேன்ல ஊத்திராதடே, அரை மணி நேரத்துல வாசம் செத்துரும்" என்றார். அதனால் பால் கேனில், டிகாஷன் தனியாக ஃபிளாஸ்கில். கால் கிலோ தூளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் முதல் டிகாஷன் வரும். சின்ன கிளாஸில் நாற்பது, ஐம்பது காபிக்குக் காணும். இரண்டாம் டிகாஷனை இதில் சேர்க்காதீர்கள், வீட்டில் குடித்துக்கொள்ளலாம். சிக்கரி 49 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கிறது. நான் வாங்குவது 20 சதவீதம். அதற்கு மேல் போனால் நிறம்தான் மிஞ்சும்.

பேப்பர் கப் என்று யோசிக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கண்ணாடி கிளாஸ் என்றால் கழுவத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் வண்டி நிற்க முடியும். நிற்கும் இடத்தைப் பற்றி நான் தேட ஆரம்பித்ததே அப்போதுதான்.

முதலில் மனசு போனது புளியரைக்கு. கேரளா போகிற லாரியெல்லாம் அங்கே மெதுவாகத்தானே போகும்? ஆனால் மலையேறும் எஸ் வளைவில் வண்டி நிறுத்தினால் காபி குடிக்க நிற்கிற லாரி பின்னால் வருகிறவன் உயிரை வாங்கும். செக்போஸ்ட் பக்கத்தில் ஏற்கெனவே கடைகள் உண்டு, அவர்கள் வாசலில் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செங்கோட்டை ஊருக்குள் நிற்கலாம். அதற்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகராட்சியில் அடையாள அட்டை வாங்க வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும் ஸ்வநிதி கடனுக்கும் அந்த அட்டை உதவும்.

கடைசியில் கை கொடுத்தது பிரானூர் மர மில்கள். புரோட்டாவுக்குப் பேர் போன அதே பார்டர்தான். மரத்தூள் நெடியில் காலையிலிருந்து நிற்கிற ஆட்கள் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் எப்படியும் எதையாவது குடிப்பார்கள். குடிக்க வெளியே போனால் திரும்பிவர நேரமாகும் என்பது முதலாளிகள் கவலை. ஒரு மில் மேனேஜரிடம் கேட்டேன். "ரோட்டுல நிக்காத, கேட்டுக்கு உள்ள வா, குழாயும் இருக்கு" என்றார். அதைப் பார்த்து அடுத்த மில்லும் கூப்பிட்டது.

காபியைவிட லாபம் சுக்குக் காப்பியில். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல், கார்த்திகை பிறந்தால் ஐயப்பன்மார் வேன்கள், இரண்டுக்கும் அதுதான் ஓடும். சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி. பால் கெட்டுப்போகும் பயமும் இல்லை. மலையாள டிரைவர்கள் அதிலேயே காபித்தூள் கேட்பார்கள், நம்மவர்களுக்கு அது ஆகாது. ஆகவே கேனில் தூள் போடாமல் கொண்டுபோய், கேட்பவர் கிளாஸில் மட்டும் இரண்டு கரண்டி டிகாஷன் விடுகிறேன். கருப்பட்டி விட்ட கேனில் பாலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், திரிந்துவிடும். கருப்பட்டிக் காபி பாலோடு கேட்டால் கிளாஸில், கடைசியில்தான் பால்.

கணக்கு விஷயம் ஒன்று. மில் ஆட்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி. கடன் சொன்னால் கொடுங்கள், ஆனால் நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை எத்தனை கிளாஸ் என்ற பேச்சே வராது.