போக மறுத்த பதிவு: மண்டபம் வாடிக் கணினியில் செய்து பார்த்தது

பழைய கணினிகளை ஓட வைப்பதில் எனக்குத் தீராத ஆசை. இப்போது கையில் இருப்பது மண்டபத்தில் இறால் கொள்முதல் செய்யும் வாடி (கடற்கரைக் கொட்டகை) ஒன்றின் கணினி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் தராசு சும்மா கிடக்கிறது. "படகு கரைக்கு வந்துவிட்டால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், தம்பி" என்று வாடிக்கார அண்ணன் முன்பே சொல்லிவிட்டார்.

தராசு சீரியல் போர்ட் வழியாகக் கணினிக்கு எடையை அனுப்புகிறது. அதை வைத்துப் பில் போடும் நிரல், விசுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது. போர்ட்டிலிருந்து எடையை வாங்கித் தருவது எம்எஸ்காம்32 என்ற ஓசிஎக்ஸ் கோப்பு, அதாவது நிரல் தனக்காக அழைத்துக்கொள்ளும் ஒரு துணைப் பாகம். பழைய நிரலை முறைப்படி நீக்காமல் ஃபோல்டரை மட்டும் யாரோ அழித்துவிட்டுப் புதிய பதிப்பை நிறுவியிருக்கிறார்கள். அன்று முதல், பாகம் சரியாகப் பதிவாகவில்லை என்றே பிழை வருகிறது. இத்தகைய பாகங்கள் எங்கே இருக்கின்றன என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரி என்ற குறிப்பேட்டில் வைத்திருக்கும். அதில் எழுதும் ரெக்எஸ்விஆர்32 கட்டளையால் மறுபடி பதிவுசெய்தால் வெற்றி என்கிறது. நிரலைத் திறந்தால் பழைய பிழையே. அட்மின் கணக்கில் திறந்தால் மட்டும் எடை ஒழுங்காக வருகிறது.

அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டேன். பில் போடும் பையனின் கணக்கில் நுழைந்து, நிரல் எந்தக் கோப்பையும் பதிவையும் தேடுகிறது என்று காட்டும் பிராசஸ் மானிட்டரை ஓடவிட்டுப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. நிரல் முதலில் தேடியது ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பயனருக்கு மட்டும் உரிய எச்கேசியூ பகுதியில். அங்கே, பாகத்தின் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் இன்ப்ராக்சர்வர்32 என்ற சாவிக்குள், அழிந்துபோன ஃபோல்டரின் முகவரி அப்படியே இருந்தது. அடுத்த வரியிலேயே 'பாத் நாட் ஃபவுண்ட்', அப்படி ஒரு இடமே இல்லை என்று.

ரெஜிஸ்ட்ரியில் பாகங்களின் பதிவுகளைக் காட்டும் எச்கேசிஆர் என்று நாம் பார்ப்பது தனி இடம் அல்ல. கணினி முழுமைக்குமான பதிவும் பயனரின் சொந்தப் பதிவும் சேர்ந்து தெரியும் தோற்றம் அது. இரண்டும் இருந்தால் பயனருடையதே செல்லும். அட்மின் கணக்கில் எத்தனை முறை பதிவுசெய்தாலும் அது பொதுப் பகுதிக்குத்தான் போகும்; பையனின் பகுதி அங்கிருந்து எச்கேசியூவாகத் தெரியவே தெரியாது. கண்ட கண்ட 'கிளீனர்' மென்பொருள்களை ஏற்றி ரெஜிஸ்ட்ரியை மேய விடுவதை நான் அடியோடு வெறுக்கிறேன். எந்தப் பதிவு இடிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அதை மட்டும் எடுப்பதுதான் முறை.

பையனின் கணக்கிலேயே, ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டைத் திறந்தேன். 32 பிட் பாகம் என்பதால் சாவி, 64 பிட் விண்டோஸ் அத்தகையவற்றுக்குத் தனியே வைக்கும் வாவ்6432நோடுக்குள் இருந்தது. முதலில் ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்தினேன், பிறகு அழித்தேன். பழைய ஃபோல்டரின் கோப்பு இருந்திருந்தால், பதிவை நீக்கும் ரெக்எஸ்விஆர்32 /யூ கொடுத்திருக்கலாம். அந்தக் கட்டளை கோப்பையே ஏற்றி, அதனுள் இருக்கும் நீக்கும் வேலையைச் செய்யச் சொல்கிறது. கோப்பு போன பின் அதற்கு வழியில்லை.

ஐந்து கிலோ படிக்கல்லைத் தட்டில் வைத்ததும் பையனின் திரையில் 5.000 வந்தது. போர்ட்டின் ஊசிகளில் உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. தடைக்காலம் முடிவதற்குள் அதையும் சுத்தம் செய்ய வேண்டும்.