கொரோனா காலத்து மத்திய அரசுக்கு மதிப்பெண் போடும் முன்

தினசரி தொற்று எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடாதீங்க. டெஸ்ட் குறைந்தால் அதுவும் குறையும். பார்க்க வேண்டியது கூடுதல் மரணங்கள். 2015 முதல் 2019 வரை மாதவாரியாகப் பதிவான இறப்புகளின் சராசரியை, 2020, 2021-இன் அதே மாத எண்ணிக்கையிலிருந்து கழிக்கணும்.

இந்தக் கணக்கை வடசென்னை மாதிரி ஒரு பகுதிக்கு மட்டும் போட்டால் ஒரு சிக்கல் உண்டு. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். திருவள்ளூர் மாவட்டப் பொன்னேரிக்காரர், ராயபுரம் மண்டலத்தில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இறந்தால் சென்னைக் கணக்கில் ஏறும். அந்த மண்டலத்தை மட்டும் எடுத்தால் எண் ஊதிப்போகும். திருவள்ளூர் மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்க. இறப்பைப் பதிவு செய்வதற்கான 21 நாள் கெடு தாண்டிப் பதிவானவையும் இருக்கும், அதனால் பதிவுத் தேதியை விட்டுட்டு இறந்த தேதியை எடுக்கணும். ஊரடங்கில் சாலை விபத்துகள் குறைந்ததையும் மறக்கக் கூடாது, அது கொரோனா சாவை மறைக்கும்.

2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சொன்ன கூடுதல் மரணம் சுமார் 47 லட்சம். அரசுக் கணக்கில் கொரோனா சாவு 5 லட்சத்துக்கும் கீழே. மத்திய அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை.

நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு போட்டது தவறு. அதைவிடப் பெரிய தவறு, இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே 1 முதல் 18-44 வயதினருக்கான தடுப்பூசியை மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டது. ஜூன் 21-இல்தான் அது மாறியது.