டிபிஎல்ஓ: அறுந்த லிகமென்ட்டை தொடாமலே முழங்காலை நிக்க வைக்கிற ஆபரேஷன்

நாய்க்கு முழங்கால் லிகமென்ட் (எலும்புகளை சேர்த்துப் பிடிக்கிற நார்) அறுந்துடுச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னா, அறுந்ததை தைப்பாங்க இல்லன்னா வேற எதையாவது வச்சு கட்டுவாங்கன்னு தான் எல்லாரும் நினைப்போம். டிபிஎல்ஓ-ல (TPLO, கீழ்க்கால் எலும்போட மேல்பரப்பு சரிவை வெட்டி சமமாக்குற ஆபரேஷன்) அது எதுவுமே கிடையாது. கீழ்க்கால் எலும்போட தலைப்பகுதியை வட்டமா வெட்டி, கொஞ்சம் திருப்பி, பிளேட் ஸ்க்ரூ போட்டு மூடிடுவாங்க. எங்க பொன்னிக்கு (லாப்ரடார், 34 கிலோ) இதான் பண்ணப்போறோம்னு டாக்டர் சொன்னதும் அப்பா "நல்லா இருக்கிற எலும்பை ஏன்பா வெட்டணும்?"னு கேட்டார். ரொம்ப சரியான கேள்வி.

நாம நிக்கும்போது முட்டி நேரா இருக்கு. நாய் சும்மா நிக்கும்போதே பின்னங்கால் முட்டி மடங்கி தான் இருக்கும். அதோட கீழ்க்கால் எலும்போட மேல்பரப்பு பின்பக்கமா சரிஞ்சிருக்கு, நிறைய நாய்களுக்கு இந்த சரிவு 22-லேர்ந்து 26 டிகிரி வரைக்கும் இருக்கும், நமக்கு அதைவிட ரொம்ப கம்மி. சரிவான ரோட்ல ஒரு மாட்டு வண்டியை கயிறு போட்டு கட்டி நிறுத்தியிருக்காங்கன்னு வச்சுக்கோங்க, தொடை எலும்பு தான் வண்டி, லிகமென்ட் தான் கயிறு. கால் ஊனுற ஒவ்வொரு தடவையும் தொடை எலும்பு பின்னாடி சறுக்கப் பாக்கும், கீழ்க்கால் முன்னாடி தள்ளும். அமெரிக்காவுல ஓரிகன்ல இருந்த பார்க்லே ஸ்லோகம்ங்கிற கால்நடை சர்ஜன் 1983-ல இந்த தள்ளு விசையைப் பத்தி எழுதினார், 1993-ல டிபிஎல்ஓ முறையை வெளியிட்டார். கயிறு போனா போகட்டும், ரோட்டையே சமமாக்கிடலாம்ங்கிறது தான் அவரோட ஐடியா.

கணக்கு போட்டுப் பாத்தா அசந்துபோவீங்க. பொன்னிக்கு எக்ஸ்ரேல சரிவு 27 டிகிரி. எலும்பு வழியா 100 நியூட்டன் அழுத்தம் இறங்குதுன்னா, அதுல சுமார் 45 நியூட்டன் சரிவோட திசையில போகுது (சைன் 27, அவ்ளோ தான்). சரிவை 6 டிகிரி ஆக்கினா அதே 45 வெறும் 10 ஆகிடும். இது எளிமையான கணக்கு தான், நிஜத்துல தசைகளோட இழுப்பும் சேரும், ஆனாலும் விஷயம் புரிஞ்சுடும். இதுக்கு 24 மில்லிமீட்டர் ஆரம் உள்ள வளைஞ்ச ரம்பத்தால வெட்டினா, வெட்டின துண்டை கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் நகர்த்தினா போதும்! அப்போ ஒரேயடியா பூஜ்ஜியம் ஆக்கிடலாமேன்னு தோணும். கூடாது, ரொம்ப திருப்பினா விசை எதிர்ப்பக்கம் மாறி, முட்டிக்குள்ள இருக்கிற இன்னொரு லிகமென்ட்டான பின்பக்க லிகமென்ட் மேல பாரம் ஏறிடும், அதனால தான் 5, 6 டிகிரியில நிறுத்துறாங்க.

இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு அப்புறம் செக்கப்ல டாக்டர் படுக்க வச்சு காலை ஆட்டிப் பாத்தப்போ கீழ்க்கால் பழையபடி முன்னாடி நகர்ந்துச்சு, அப்பா பதறிட்டார், ஃபெயிலான்னு கேட்டார். ஃபெயில் இல்ல. கையால இழுக்கும்போது மேலேர்ந்து அழுத்தம் இல்லையே, லிகமென்ட்டும் இல்ல, அப்போ ஆடத்தான் செய்யும். டிபிஎல்ஓ வேலை செய்யறது கால் ஊனி பாரம் இறங்கும்போது தான். கீழ்க்கால் உள்பக்கமா திரும்பறதையும் இது முழுசா தடுக்காது, மெனிஸ்கஸ் (முட்டிக்குள்ள குஷன் மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) பிற்பாடு கிழியறதும் உண்டு, அதனால நல்லா நடந்துட்டிருந்த நாய் திடீர்னு நொண்டினா தள்ளிப்போடாம கூட்டிட்டுப் போங்க.

எலும்பு சேர்றதுக்கு 8-லேர்ந்து 12 வாரம் ஆகும். அதுவரைக்கும் சோபா ஏறக்கூடாது, மாடிப்படி கூடாது, பெல்ட் போட்டு மெதுவா நடை மட்டும், டைல்ஸ் தரையில மேட் விரிச்சே ஆகணும். நாலு நாள்ல நல்லா நடக்குதேன்னு அவுத்து விட்டுடாதீங்க ப்ளீஸ், நடை சரியாகிறது வேற எலும்பு சேர்றது வேற.

நாய்கள்ல இது பெரும்பாலும் ஒரே குதியில அறுந்துபோறது இல்ல, லிகமென்ட் கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சு தான் போகுது, லாப்ரடார் ராட்வீலர் மாதிரி இனங்களுக்கு அதிகம். ஒரு கால் போனதுல பாதிக்குப் பாதி நாய்களுக்கு பின்னாடி அடுத்த காலும் போகுது. அதனால பொன்னியோட இடது காலையும் ஒவ்வொரு செக்கப்லயும் பாக்கச் சொல்லிட்டேன், எடையையும் 30-க்கு இறக்கப் பாக்குறோம், இப்போதைக்கு பிஸ்கட் கட், தயிர்சாதம் பாதி.