பாட்டுப் பெட்டிக்காக மூன்று முறை ஊருக்கு ஓடிய கதை

எனக்கு ஓசூரில் வேலை, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் வீடு. சனிக்கிழமை ராயக்கோட்டை வழியாக ஊருக்குப் போய், திங்கள் விடியலில் திரும்புவேன். அது போக, இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை லீவு போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். மூன்றும் வீட்டு அலமாரியில் உட்கார்ந்து பாட்டு ஓட்டும், ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அகலக் குட்டிக் கணினிக்காக. பஸ் காசை விடுங்கள், போன லீவுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதில் இருப்பது சினிமாப் பாட்டாக இருந்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். அப்பா தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போதெல்லாம் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்து வந்தவை அவை. அர்ச்சுனன் தபசு, படுகளம் என்று அறுபது சொச்சம் கேசட். முகவீணைக்கு நடுவே யாரோ குழந்தையை அதட்டுவதுகூடக் கேட்கும். எந்தச் செயலியிலும் இது கிடைக்காது. எல்லாவற்றையும் தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக மாற்றி, சொந்தப் பாட்டுகளைப் போனுக்கு அனுப்பும் நேவிட்ரோம் மென்பொருளைப் பையில் போட்டு, வீட்டு வைஃபையில் ஓடவிட்டாயிற்று. அதுவரை ஒரு குறையும் இல்லை.

ஓசூரிலிருந்து கேட்க ஆசைப்பட்டதும் வந்தது வினை.

எல்லோரும் சொல்வதுபோல ரவுட்டரில் நேவிட்ரோமுக்கான 4533-ஆம் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலைத் திறந்துவிட்டேன். வீட்டு ஐபி எண் மாறினாலும் ஒரே பெயரில் பிடிக்க, இலவசமாக ஒரு டக்டிஎன்எஸ் பெயரும் வாங்கினேன். வெளியிலிருந்து திறக்கவே இல்லை. இரண்டு வாரக் கடைசிகள் ரவுட்டரோடு மல்லுக்கட்டிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன்: ரவுட்டர் காட்டிய வெளி முகவரி 100 என்று தொடங்கியது, இணையத்தில் 'என் ஐபி என்ன' என்று பார்த்தால் வேறு எண். அதாவது சிஜிநாட். ஐபி முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் இணைய இணைப்பு கொடுப்பவர்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். தெருவுக்கே ஒரு கதவு எண் என்றால் கொரியர்காரர் யார் வீட்டுக்குப் போவார்? நான் என் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், கதவு இருப்பது அவர்கள் கையில். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி உங்கள் ரவுட்டரில் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். எனக்கு இது தெரிய நான்கு நாள் வீணானது.

இணைய இணைப்பு கொடுத்தவர்களின் அலுவலகம் ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை 'விஷயம் தெரிந்தவர்' வர மாட்டார். ஆகவே ஒரு வியாழக்கிழமை லீவு.

"நெட் வருதா சார்?"

"வருது."

"அப்புறம் என்ன சார் கம்ப்ளைண்ட்?"

கால் மணி நேரம் விளக்கினேன். கடைசியில் "ஸ்டாட்டிக் ஐபி போட்டுக்குங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். மாதம் 250 ரூபாய், மூன்று மாதம் முன்பணம். கட்டிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து ரவுட்டரைப் பார்த்தால் 10 என்று தொடங்கும் முகவரி. அது அவர்களுடைய உள் வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். போன் போட்டுக் கேட்டால், "ஸ்டாட்டிக்தானே சார் கேட்டீங்க? இது மாறவே மாறாது" என்கிறார். பொய் என்று சொல்ல முடியாது, மாறவே இல்லைதான்! பணம் கட்டும் முன் 'பப்ளிக் ஐபியா' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 750 ரூபாய் கொடுத்துக் கற்ற வார்த்தை அது.

கிருஷ்ணகிரியில் இருக்கும் நண்பனுக்குப் பொது முகவரி கிடைத்திருந்தது. பொறாமையாக இருந்தது. அவன் தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்-சின் 22-ஆம் போர்ட்டையும் சேர்த்துத் திறந்து வைத்திருந்தான். மறுநாள் காலை, யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்று பதிவாகும் லாக் கோப்பைக் காட்டினான். 'ரூட்', 'அட்மின்' என்று விதவிதமான பெயர்களில் முகம் தெரியாத இயந்திரங்கள் ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டியிருந்தன. போதாததற்கு நேவிட்ரோம் தானாக எச்டிடிபிஎஸ் குறியாக்கம் போட்டுக்கொள்ளாது. நாமாக ஏற்பாடு செய்யாவிட்டால் எல்லாம் திறந்த வெளியில்தான் போகும். பொறாமை போய்விட்டது.

நம் சாதனங்களை மட்டும் ஒரு தனி வலையாகக் கோக்கும் டெயில்ஸ்கேலை அவன்தான் சொன்னான். போர்ட் எதையும் திறக்க வேண்டாம். ராஸ்பெர்ரி பையும் போனும் உள்ளிருந்து வெளியே போய் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும், நடுவில் வயர்கார்டு குறியாக்கம். தனி ஆளுக்கு இலவசத் திட்டமே தாராளம். இரண்டிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தேன், அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பைக்குக் கிடைத்த புது முகவரியும் 100 என்று தொடங்கியதைப் பார்த்து ஒரு கணம் நெஞ்சு அடைத்தது. டெயில்ஸ்கேலும் அதே எண் வரிசையைத்தான் எடுத்துக்கொள்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: வீட்டு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதித்துப் பாருங்கள். வீட்டுக்குள் ஓடுவது கணக்கில்லை.

இரண்டு மாதம் சுகமாகப் போனது. அப்புறம் மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தபோது ராஸ்பெர்ரி பை எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் அம்மாவைப் பிடித்தேன்.

"அம்மா, அந்தச் சின்னப் பெட்டியில லைட்டு எரியுதா பாரு."

"செவப்பு எரியுது கண்ணு. பச்சையக் காணோம்."

பிடுங்கி மாட்டச் சொன்னேன். பச்சை கொஞ்சம் மினுக்கிவிட்டு அணைந்ததாம். மறுபடி லீவு, மறுபடி பஸ். டிவியில் மாட்டிப் பார்க்கலாம் என்றால் பை 4-க்கு மைக்ரோ எச்டிஎம்ஐ வயர் வேண்டும். அது ஓசூர் அறையில் இருந்தது. பாலக்கோட்டில் இரண்டு கடை ஏறினேன், இல்லை. பெட்டியையே தோள்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். என் அறையில் பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்தது. பாட்டு இருக்கும் ஹார்ட் டிஸ்க் நேரத்துக்கு எழுந்திருக்காததால், மொத்த இயந்திரமும் அவசர நிலையில் நின்றுவிட்டிருந்தது. எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்குக்கு 'நோஃபெயில்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால், டிஸ்க் இல்லாமலேயே எழுந்திருக்கும், நான் ஓசூரில் இருந்தபடியே உள்ளே நுழைந்து சரிசெய்திருப்பேன். கூடவே டிஸ்க்குக்காகத் தனி மின்சாரம் எடுக்கும் யூஎஸ்பி ஹப் ஒன்றும் வாங்கிவிட்டேன்.

மூன்றாவது பயணம்தான் அவமானம். ஒரு புதன்கிழமை ராஸ்பெர்ரி பை டெயில்ஸ்கேல் வலையிலிருந்து காணாமல் போனது. அம்மா இரண்டு விளக்கும் எரிகிறது என்கிறாள், வீட்டு நெட்டும் ஓடுகிறது. போய்ப் பார்த்தால், டெயில்ஸ்கேல் சாவி காலாவதி. சும்மா விட்டால் 180 நாளில் மறுபடி உள்நுழையக் கேட்கும். ஒரே ஒரு முறை உள்நுழைந்ததும் சரியானது. அதற்கு ஒரு நாள் சம்பளம். நிர்வாகப் பக்கத்தில் அந்த இயந்திரத்துக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவைக்கும் தேர்வு இருக்கிறது. நிறுவிய அன்றே செய்துவிடுங்கள். அதோடு அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் போட்டுவிடுங்கள், இப்போது வீட்டுச் சாவியே அதுதான்.

இன்னும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. டெயில்ஸ்கேலும் ஒரு விபிஎன், ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். ஆபீஸ் விபிஎன் ஓடினால் கூத்து நின்றுவிடும். பேட்டரி சேமிப்பில் டெயில்ஸ்கேலுக்கு விலக்கு கொடுக்காவிட்டால் அதுவும் பாதியில் தூங்கும். ஃபிளாக் கோப்பை அப்படியே இழுத்தால் ராயக்கோட்டை மலையோரம் திக்கித் திணறும். வெளியில் இருக்கும்போது கோப்பைச் சுருக்கும் ஓபஸ் வடிவத்தில் 96 கேபிபிஎஸ்-க்கு மாற்றி அனுப்பும்படி வைத்திருக்கிறேன். பழைய கேசட் இரைச்சலுக்கு அதுவே அதிகம்.

போன வாரம் மறுபடி பராமரிப்பு மின்தடை. மதியம் வேலைக்கு நடுவில் அம்மாவிடமிருந்து போன். என்னமோ ஏதோ என்று எடுத்தேன்.

"கரண்டு வந்துடுச்சு. செவப்பும் எரியுது, பச்சையும் மினுக்குது. நீ ஒண்ணும் லீவு போட்டுட்டு வராத."