பின்னால் வரவேண்டிய பெயர்

பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றிருந்தது. ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து வந்த ஊழியர், மாலுமிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னுடையது வந்ததும் நிறுத்தினார். பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"இதில் பெயரை மாற்றி அச்சிட்டுவிட்டார்கள். அந்தோனி அல்லவா உங்கள் பெயர்? சேவியர் குடும்பப்பெயர்தானே?"

இல்லை என்றேன். சேவியர் என்பதுதான் நான். அந்தோனி என் அப்பா. எங்கள் பக்கத்தில் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம் இருந்ததால் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன் என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன். அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. தம் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். நான்கு சொற்கள் கொண்ட பெயர். கடைசிச் சொல் என் பெயர். "பாருங்கள், பின்னால்தான் வரும்" என்றார். பிரேசிலின் விடுதலைத் தியாகி திராதெந்திசின் பெயரிலும் கடைசியில்தான் வருகிறதாம். 1792-இல் தூக்கிலிடப்பட்ட அவருடைய முழுப்பெயர் ஜோவாக்கிம் ஜொசே த சில்வா ஷவியேர்.

ஷவியேர். அவர் அப்படித்தான் சொன்னார். சொற்சண்டையை மறந்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பாட்டி என்னைச் "சவேரி" என்று கூப்பிடும்போது கேட்ட ஓசை அதில் இருந்தது.

என் பெயரைப் பற்றி வீட்டில் ஒரு பழைய சண்டை உண்டு. பாட்டாவின் பெயர் சவரிமுத்து. மூத்த மகனின் மூத்த மகனுக்குப் பாட்டா பெயர் என்பது எங்கள் வழக்கம். ஆனால் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த அப்பாவுக்குச் சவரிமுத்து பழைய பெயராகப் பட்டது. 1979-இல் பிறந்த பிள்ளையைச் சவரிமுத்து என்று பள்ளியில் சேர்த்தால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது அவர் கட்சி. ஆகவே ஞானஸ்நானத்தின்போது சேவியர் என்று கொடுத்துவிட்டார். பாட்டா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "என் பெயரை வைக்கச் சொன்னேன், இவன் வெள்ளைக்காரன் பெயரை வைத்திருக்கிறான்" என்றாராம். இரண்டும் ஒரே புனிதரின், சவேரியாரின், பெயர்தான் என்று அப்பா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசிவரை அவர் என்னை "ஏலே" என்றுதான் கூப்பிட்டார். அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயரை அரசுக் காகிதங்களும் அவரவர் விருப்பப்படி எழுதின. பள்ளிச் சான்றிதழில் சேவியர். ரேஷன் கார்டில் பல வருடம் "செவியர்". காது பெரிதாக இருப்பதாக நண்பர்கள் சொல்வார்கள்.

என் வகுப்பில் மூன்று சேவியர்கள் இருந்தோம். குமரி மாவட்டத்தில் அது வியப்பில்லை. கோட்டாறு சவேரியார் கோவிலின் நிழல் எங்கள் ஊர்களின் மேல் நீளமாக விழுகிறது. டிசம்பர் 3 திருநாள் என்றால் எந்த மதத்துப் பிள்ளையானாலும் குஷிதான், அன்று பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் வகுப்பின் வருகைப் பதிவேட்டை இன்று நினைத்துப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. போஸ்கோ, சாவியோ, வியான்னி, பெர்க்மான்ஸ், கொன்சாகா, பெண்கள் பக்கத்தில் கொரற்றி. இத்தனையும் முதற்பெயர்களாகக் கூப்பிடப்பட்டவை. இத்தனையும் இத்தாலியிலும் பிரான்சிலும் பிளாண்டர்சிலும் குடும்பப்பெயர்கள்! ஜான் போஸ்கோ, தோமினிக் சாவியோ, ஜான் வியான்னி, ஜான் பெர்க்மான்ஸ், அலோசியஸ் கொன்சாகா, மரிய கொரற்றி. முன்னால் இருந்த ஜானும் மரியாவும் எல்லாருக்கும் பொது. எந்த ஜான் என்று சொல்ல வேண்டுமானால் பின்பாதியைத்தான் பிடிக்க வேண்டும். பின்பாதியைப் பிடித்த நாங்கள் முன்பாதியை விட்டுவிட்டோம். போஸ்கோவுக்குப் புனிதர் பட்டம் 1934, கொரற்றிக்கு 1950, சாவியோவுக்கு 1954. ஒரு குடும்பத்தில் பிள்ளைகளின் பெயர் வரிசையைக் கேட்டாலே ரோமிலிருந்து எப்போது என்ன செய்தி வந்தது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

இது கத்தோலிக்கர்களின் கிறுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதே வகுப்பில் ஒரு நேரு இருந்தான், ஒரு கென்னடி இருந்தான். மதுரைப் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு போஸ். லிங்கன்களும் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் இல்லாததால், உலகத்தில் யாருடைய குடும்பப்பெயர் பிடித்தாலும் அதை எடுத்துப் பிள்ளைக்கு முதற்பெயராக வைத்துவிடும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது. சொந்த ஊரில் அந்தப் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று நாம் கேட்பதில்லை. சாந்தோஸ் ஊழியரின் குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

அந்தப் பயணம் முழுக்க, இயந்திர அறையில் வேலை முடிந்த நேரங்களில் என் பெயரைத் துரத்திக்கொண்டிருந்தேன். துரத்தியது கடைசியில் ஒரு கோட்டை வாசலில் போய் நின்றது.

ஸ்பெயினின் வடக்கே நவார்ரா. 1506 ஏப்ரல் 7 அன்று அங்கே ஒரு கோட்டையில் பிறந்த குழந்தைக்குப் பிரான்சிஸ்கோ என்று பெயர். அதாவது புனிதரின் பெயர் பிரான்சிஸ்கோ, அவ்வளவே. தந்தை ஜாசோ குடும்பத்தவர், நவார்ரா அரசரின் ஆலோசகர். தாய் அஸ்பில்குவெத்தா குடும்பத்துப் பெண். ஷவியேர் என்பது அந்தக் கோட்டையின் பெயர், கோட்டை தாய்வழி வந்த சொத்து. பையன் தந்தை பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தால் என் பாட்டா ஜாசோமுத்து ஆகியிருப்பார். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது, 1516-இல், பக்கத்து அரசான காஸ்திலின் ஆட்சியாளர்கள் அந்தக் கோட்டையின் அரண்களை இடித்துத் தள்ளினார்கள். சுவர்கள் போய்விட்டன. பெயரை அவர் பாரிசுக்கும் லிஸ்பனுக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார், அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

1544 ஜனவரி 15 தேதியிட்டுக் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இந்த மக்களுக்கு என் பேச்சு புரியவில்லை, அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, அவர்களின் தாய்மொழி மலபார், என்னுடையது பாஸ்க் என்று அதில் எழுதுகிறார். மலபார் என்று போர்த்துக்கீசியர் அன்று சொன்னது நம் தமிழைத்தான். இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து மந்திரங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் இதைக் கதையாகச் சொல்வார்கள். அவர் தாய்மொழி ஸ்பானிஷ் அல்ல என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை. எனக்கு அதுதான் திறவுகோலாக அமைந்தது. பெயர் பாஸ்க் மொழிச் சொல். அந்தச் சொல்லின் பொருளுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஓசை. அவர் காலத்து ஸ்பானிஷில் அந்தப் பெயரின் முதலெழுத்துக்கு "ஷ" ஒலிதான். பிறகு ஸ்பானிஷில் அந்த ஒலி தொண்டைக்கு இறங்கி "ஹ" போல ஆனது. 1815-இல் எழுத்தையும் மாற்றினார்கள், இன்று அங்கே ஹவியேர். ஆங்கிலேயர் வாயில் அது சேவியர். போர்த்துக்கீசியர் மட்டும் ஷவியேரை விடவில்லை. நம் கடற்கரைக்குப் பெயரைக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். தமிழ் நாக்கு ஷகரத்தைச் சகரமாக்கி, பின்னால் மரியாதைக்கு "ஆர்" போட்டுச் சவேரியார் ஆக்கியது. ஜொசே சூசையானதும் சந்தியாகோ சந்தியாகு ஆனதும் இதே கப்பலில் வந்த கதைதான். அப்புறம் சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள், சவரியப்பன் என்று முழுக்க நம்மூர்க்காரர்கள்.

ஆகவே பாட்டா சொன்னது சரி. அப்பா எனக்கு வைத்த பெயர் வெள்ளைக்காரன் பெயர்தான், பள்ளிக்கூட ஆங்கிலம் வழியாக வந்தது. படிக்காத பாட்டாவின் "சவரி"யைத்தான், அந்தப் புனிதர் உயிரோடு தெருவில் நடந்து போயிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார். இதைச் சொல்லலாம் என்று தெரிந்துகொண்டபோது பாட்டா இறந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

1622 மார்ச் 12 அன்று புனிதர் பட்டம் கிடைத்த பிறகு, ஸ்பெயினில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்க விரும்பியவர்களுக்கும் எங்கள் வகுப்பின் சிக்கல்தான். பிரான்சிஸ்கோ என்றால் அசிசி நகரத்தவரா, இவரா? அதனால் இரண்டையும் சேர்த்துப் பிரான்சிஸ்கோ ஹவியேர் என்று வைத்தார்கள். பிறகு பலர் முன்பாதியை உதிர்த்தார்கள். இப்போது அங்கே ஹவியேர் இல்லாத தெரு இருக்காது. கத்தலோனியாவில் சுருக்கி ஷாவி என்கிறார்கள், கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். பிரான்சில் க்ஸவியே. அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு ஆண் குழந்தைகளின் பெயர்களில் முதல் நூறுக்குள் வந்துவிட்டது. அங்கே வைப்பவர்களில் எத்தனை பேர் புனிதரை நினைத்து வைக்கிறார்கள், எத்தனை பேர் எக்ஸ்-மென் படங்களில் வரும் பேராசிரியர் சேவியரை நினைத்து வைக்கிறார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கு. போர்த்துக்கீசிய உலகத்தில் பலருக்கும் அது இன்னும் குடும்பப்பெயராகவே, பின்னால், அசையாமல் நிற்கிறது. நம்மவரில் முன்னால் நின்றவர்களில் எனக்குப் பிடித்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக் காவலூரில் பிறந்து, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்து, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர். பாஸ்க் கோட்டை ஒன்றின் பெயர் தமிழுக்கு இப்படியும் உழைத்திருக்கிறது.

எங்கள் ஊரில் மட்டும் சரிவு. கடைசியாக விடுமுறையில் போனபோது மறைக்கல்வி வகுப்பின் பெயர்ப்பட்டியலை ஆசிரியையிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு சேவியர்கூட இல்லை. சவரிமுத்து கேட்கவே வேண்டாம். என் மகனுக்கே நான் வைக்கவில்லை, ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

இனி பொருள். பாஸ்க் மொழியில் எச்சே என்றால் வீடு. பெர்ரி என்றால் புதியது. எச்செபெர்ரியா, புதிய வீடு. அது வாயில் தேய்ந்து தேய்ந்து ஷவியேர் ஆகியிருக்கிறது. தேயாமல் நின்ற உறவினர்களும் உண்டு: 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் அதிபராக இருந்த எச்செவெரியாவின் பெயரும் இதுவேதான்.

புதிய வீடு என்று படித்த இடத்தில் சிரித்துவிட்டேன், பக்கத்துப் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் விழித்துக்கொண்டார். குமரி மாவட்டத்து முகவரிகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இது விளங்கும். எங்கள் பக்கம் வீட்டுக்குப் பெயர் உண்டு. எந்த விளைக்குப் போனாலும் அங்கே ஒரு புத்தன்வீடு இருக்கும்; எங்கள் பேச்சில் புத்தன் என்றால் புதிய. எப்போதோ, யாரோ, பழைய வீட்டிலிருந்து பிரிந்து வந்து கட்டியது. இப்போது ஓடு பெயர்ந்து சுவர் பூத்துக் கிடந்தாலும் அது புத்தன்வீடுதான். தக்கலைக்குப் பக்கத்தில் அம்மா பிறந்த வீடும் புத்தன்வீடு. அம்மாவுக்கு வந்த பழைய கடிதங்களில் எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கும்.

அடுத்த துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். கோட்டை, தாய்வழிச் சொத்து, பாஸ்க் மொழி, புதிய வீடு எல்லாம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்படியானால் மக்களே," என்றார், "உனக்கு வைத்தது என் வீட்டுப் பெயரா?"

ஆமாம் என்றேன்.

"இரு, உன் அப்பா திண்ணையில்தான் இருக்கிறார். போனை அவரிடம் கொடுக்கிறேன், நீயே சொல்."